செய்தி நாற்காலியிலிருந்து செனட்டுக்கு: பிலிப்பைன்ஸ் ஒலிபரப்பாளருக்கு எந்த வழி நல்லது?

2004 மே மாதம் பிலிப்பைன்ஸ் துணை அதிபர் பதவிக்கு நடந்த தேர்தலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் இருவரும் ஒரே தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர்கள். நோலி டி காஸ்ட்ரோவை ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனத்தின் மாலைச் செய்தியான ‘டிவி பட்ரோல்’ வழியாக நாடே அறியும். லோரன் லெகார்டா அதே நிறுவனத்தின் இரவுச் செய்தியான ‘தி வேர்ல்ட் டுனைட்’ நிகழ்ச்சியில் தெரிந்த முகம். டி காஸ்ட்ரோவுக்கு ஏறத்தாழ 1.51 கோடி வாக்குகள், லெகார்டாவுக்கு 1.42 கோடி. ஒன்பது லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டி காஸ்ட்ரோ வென்றார்.

வென்றவர் ஆறு ஆண்டுகள் பதவியில் இருந்துவிட்டு 2010 நவம்பரில் பழைய செய்தி நாற்காலிக்கே திரும்பினார். தோற்றவர் 2007 செனட் தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கி மீண்டும் செனட்டுக்குள் போனார். அங்கே தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் 2019இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார், 2022இல் மறுபடி செனட்டரானார். அந்த ஒரு நாள் முடிவை மட்டும் பார்த்தால் டி காஸ்ட்ரோவின் வழிதான் சிறந்தது என்று தோன்றும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடறிந்த ஒரு பிலிப்பைன்ஸ் செய்தியாளருக்குக் கட்சிகளிடமிருந்து அழைப்பு வருகிறது என்றால் அவர் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதை எடுத்துக்கொள்கிறது என்று நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்சிகள் ஏன் தேடி வருகின்றன

பிலிப்பைன்ஸ் செனட்டில் 24 பேர். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 12 இடங்களுக்குத் தேர்தல். தொகுதி என்று எதுவும் கிடையாது, நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வாக்காளரும் 12 பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். 2010இல் இயந்திர வாக்கெண்ணிக்கை வருவதற்கு முன்புவரை வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் அச்சிட்டிருக்காது. வாக்காளர்தான் நினைவிலிருந்து பெயர்களைக் கையால் எழுத வேண்டும். ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள் உள்ள நாட்டில், ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குள் கேட்கும் ஒரு குரலின் பெயரை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். 1998இல் லெகார்டா முதலிடம், 2001இல் டி காஸ்ட்ரோ முதலிடம். இருவருக்கும் அது முதல் தேர்தல்!

வெறும் புகழ்தான் காரணம் என்று இதை ஒதுக்கிவிடுவது வாக்காளருக்குச் செய்யும் அநியாயம். அந்த நாட்டு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் தராத முதலாளி, நின்றுபோன ஓய்வூதியம், கட்ட முடியாத மருத்துவமனை பில் என்று எது வந்தாலும் மக்கள் நிலையத்து வாசலில் வந்து நிற்பார்கள். அறிவிப்பாளர் அங்கிருந்தே சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் போன் போடுவார், நேரலையில் பதில் வாங்குவார். ஏழை நோயாளிகளுக்காக 1975இல் தொடங்கிய ‘கப்வா கோ மஹால் கோ’ நிகழ்ச்சியின் ஓர்லி மெர்காடோ 1987இல் செனட்டரானதும் இந்த நம்பிக்கையால்தான். அலுவலகம் செய்யாததை மைக் செய்து கொடுத்ததை மக்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால் அவருக்கு வாக்களிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் போன் போட்டு ஒருவருக்குச் சம்பளம் வாங்கித் தருவது வேறு. எல்லோருக்கும் சம்பளம் வரும்படி சட்டம் எழுதி, அதற்கு நிதி ஒதுக்க வைப்பது வேறு. முதல் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர் இரண்டாவதிலும் அப்படியே இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இந்த ஒப்பீட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போவது இதைத்தான்.

நேராக செனட்டுக்கு

பல விதத்தில் செய்தியாளருக்குப் பொருந்தும் இடம் இதுதான். செனட்டர் யாருக்கும் கீழே வேலை செய்வதில்லை. கட்சிக் கட்டுப்பாடு பலவீனமான நாடு என்பதால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய தனி ராஜ்யம். குழு விசாரணைகள் நேரலையில் வருகின்றன. சாட்சியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது, மழுப்பலைப் பிடிப்பது, ஆவணத்தை எடுத்துக் காட்டுவது எல்லாம் செய்தி அறையில் கற்ற வேலைகள்தான்.

லெகார்டா இந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அவர் பத்திரிகைக் குடும்பம், தாத்தா ‘மணிலா டைம்ஸ்’ ஆசிரியராக இருந்தவர். செனட்டுக்கு வந்ததும் சுற்றுச்சூழலைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார். குப்பையைத் தரம் பிரித்துக் கையாள வேண்டும் என்ற திடக்கழிவு மேலாண்மைச் சட்டம், 2009இன் பருவநிலை மாற்றச் சட்டம், 2010இன் பேரிடர் அபாயக் குறைப்புச் சட்டம் என்று வரிசையாக அவர் பெயர் வருகிறது. ஆண்டுக்கு இருபது புயல் வரையில் வந்து போகும் நாட்டுக்கு இவை பக்கத்து விஷயங்கள் இல்லை, நடு விஷயங்கள். பிறகு செனட் நிதிக்குழுத் தலைவரானார், அதாவது பட்ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் இடம்.

அவர் பாதை சுத்தமான நேர்கோடு என்று சொல்ல வரவில்லை. லகாஸ் கட்சியில் தொடங்கியவர், 2004இல் எதிர் அணியின் அதிபர் வேட்பாளர் பெர்னாண்டோ போ ஜூனியரோடு துணை அதிபருக்கு நின்றார். 2010இல் மறுபடியும் அதே பதவிக்கு நின்று மறுபடியும் தோற்றார். அந்தப் பதவி மேல் அவருக்கும் ஆசை இருந்தது. அது கிடைக்காமல் போனதுதான் அவருக்கு நல்லதாக முடிந்தது என்பது என் கருத்து.

டி காஸ்ட்ரோ அதே செனட்டுக்கு 1.6 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வந்தார். ஆறு ஆண்டுத் தவணையில் மூன்று ஆண்டு முடிந்தபோதே துணை அதிபர் தேர்தலுக்குப் போய்விட்டார். ஒரு துறையைப் பிடித்து, அதிகாரிகளைப் பழகி, ஒரு மசோதாவை இரு சபைகளிலும் தள்ளிக் கரை சேர்க்க மூன்று ஆண்டு போதவே போதாது. அவரை முதலிடத்தில் வைத்த மக்களுக்கு அந்தப் பாதித் தவணை போதுமானதாக இருந்ததா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

துணை அதிபர் என்ற பெரிய நாற்காலி

பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட உயரமான வழி இது. பிலிப்பைன்ஸில் துணை அதிபரைத் தனியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபர் ஒரு அணியிலிருந்தும் துணை அதிபர் எதிர் அணியிலிருந்தும் வரலாம், வந்தும் இருக்கிறார்கள். ஆனால் அதிபர் பதவி காலியானால் ஏறி அமர்வதைத் தவிர அரசியல் சட்டம் அவருக்குப் பெரிதாக எந்த வேலையும் தரவில்லை. அமைச்சரவையில் இடம் வேண்டுமானால் அதிபர் மனம் வைக்க வேண்டும். டி காஸ்ட்ரோவுக்கு வீட்டுவசதி ஒருங்கிணைப்புக் குழுவின் தலைமை கிடைத்தது. அவருக்குப் பின் வந்த ஜெஜோமர் பினாய், லெனி ரோப்ரெடோ இருவருக்கும் கிடைத்தது அதே குழுதான். ரோப்ரெடோவை 2016 டிசம்பரில் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு வர வேண்டாம் என்று சொன்னதும் அவர் அதையும் விட்டு விலகினார். அந்த நாற்காலி எவ்வளவு தூரம் இன்னொருவர் தயவில் நிற்கிறது என்பது இதிலேயே தெரியும்.

வீட்டுவசதி சின்ன வேலை இல்லை. மணிலாவின் ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசை போட்டிருந்த குடும்பங்களை வேறு இடத்துக்குக் குடியமர்த்தும் பொறுப்பு டி காஸ்ட்ரோவிடம் இருந்தது. வானொலியில் அந்த மக்களின் குறையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது பொருத்தமான வேலை என்றே சொல்வேன்.

சிக்கல் 2005இல் வந்தது. தேர்தல் ஆணையர் விர்கிலியோ கார்சில்யானோவோடு அதிபர் குளோரியா அரோயோ பேசியதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவு வெளியானது, 2004 தேர்தலின் வாக்கு எண்ணிக்கை பற்றிய பேச்சு. ஜூன் 27ஆம் தேதி அரோயோ தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு தேர்தல் அதிகாரியோடு பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் அவருடைய உயர் அதிகாரிகள் பத்துப் பேர் ஒரே நாளில் ராஜினாமா செய்து அவரையும் விலகச் சொன்னார்கள். அவர் விலகியிருந்தால் அடுத்த அதிபர் நோலி டி காஸ்ட்ரோ.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆள் ‘டிவி பட்ரோல்’ நாற்காலியில் இருந்தபோது என்றால் இப்படியொரு ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு மாலை முழுக்கக் கேள்வி கேட்டிருப்பார். 2005இல் அவரால் வாய் திறக்க முடியவில்லை. அரோயோ விலக வேண்டும் என்று சொன்னால் பதவிக்கு அலைகிறார் என்று பேச்சு வரும். விலகக் கூடாது என்றால் மூடி மறைக்கிறார் என்று பேச்சு வரும். அது மட்டுமா, சந்தேகத்துக்கு உள்ளான தேர்தலில்தான் அவரும் அதே அணியில் வென்றிருந்தார். துணை அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து லெகார்டா போட்ட வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது, 2008 ஜனவரியில்தான் தள்ளுபடியானது. டி காஸ்ட்ரோ அரோயோவோடு நின்றார், அரோயோவும் பதவியில் நீடித்தார்.

அந்த முடிவு சரியா தவறா என்று பிலிப்பைன்ஸ் மக்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் படுவது ஒன்றே. ஒரு செய்தியாளரின் முழு முதலீடும் அவர் கேட்கும் கேள்விதான். கேள்வி கேட்கவே முடியாத ஒரே பதவியைத் தேடிப் போய் உட்காருவது அந்த முதலீட்டைத் தானே கரைப்பது. ஆகவே இந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

சின்னத் தொகுதியிலிருந்து

டெட் ஃபைலோனின் வழி இது. பொதுமக்கள் குறைகளைப் பேசிய ‘ஹோய் கிசிங்’ நிகழ்ச்சியால் பெயர் பெற்றவர். 2001இல் செனட்டுக்கு ஆசைப்படாமல் லேய்ட்டே மாகாணத்தின் முதல் தொகுதியில், அதாவது தக்லோபான் நகரம் இருக்கும் தொகுதியில், பிரதிநிதிகள் சபைக்கு நின்று வென்றார். முன்னாள் அதிபர் மார்கோஸின் மனைவி இமெல்டா 1995இல் வென்ற தொகுதி அது, அவர் பிறந்த ரொமுவால்டெஸ் குடும்பத்தின் கோட்டை. அங்கே ஒரு தவணை வாங்குவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். மூன்று ஆண்டு முடிந்ததும் அவர் ஒலிபரப்புக்குத் திரும்பிவிட்டார்.

இந்த வழியின் நன்மை அளவில் இருக்கிறது. தவணை மூன்று ஆண்டுதான். எத்தனை கிராமச் சாலை, எந்தப் பள்ளி, யார் ஒப்பந்தக்காரர் என்பது வரை தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் நாடு முழுக்கப் பரவிய கடன்கள் இல்லாமல் திரும்பி வரலாம். 2013 நவம்பரில் யோலண்டா புயல் தக்லோபானைப் புரட்டிப் போட்டபோது அங்கிருந்து செய்தி சொன்னவர்களில் ஃபைலோனும் ஒருவர். ஒரு காலத்தில் தான் பிரதிநிதித்துவம் செய்த மக்களிடையே நின்று பேசினார். நாடாளுமன்றத்தில் கழித்த மூன்று ஆண்டு அவருடைய செய்தித் தொழிலுக்கு உரமாகத்தான் ஆனது என்று நினைக்கிறேன்.

குறை என்னவென்றால், தொகுதி உறுப்பினரின் நேரமெல்லாம் உள்ளூர்க் கோரிக்கைகளிலேயே போய்விடும். தேசிய அளவில் சட்டம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு மூச்சு முட்டும்.

கட்சிப்பட்டியல்: ஒரே கதவு, இரண்டு விதப் பயணம்

பிரதிநிதிகள் சபையில் ஐந்தில் ஒரு பங்கு இடம் கட்சிப்பட்டியல் முறைக்கு, அதாவது தனி வேட்பாளருக்கு இல்லாமல் ஓர் அமைப்புக்கு வாக்களிக்கும் முறைக்கு. எந்த அமைப்பும் அதிகபட்சம் மூன்று இடம்தான் பெற முடியும். விளிம்புநிலை மக்களுக்காக நினைக்கப்பட்ட இந்த வழியில் செய்தியாளர்களும் வந்திருக்கிறார்கள்.

ரீசா ஹோன்டிவெரோஸ் ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். அவர் 2004இல் அக்பயான் என்ற இடதுசாரிக் கட்சியின் சார்பில் சபைக்குப் போனார். மருந்து விலையைக் குறைக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்தார். 2010இல் செனட்டுக்கு நின்று பதின்மூன்றாம் இடத்தில் தோற்றார், 12 இடங்கள்தானே. 2013இலும் தோல்வி. 2016இல்தான் உள்ளே வந்தார். தொலைக்காட்சி முகம் அவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கவில்லை, கட்சியும் கொள்கையும் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டு இழுத்து வந்தன. 2024இல் தர்லாக் மாகாணத்தின் பம்பான் நகர மேயர் ஆலிஸ் குவோவை, இணையச் சூதாட்ட மையங்கள் பற்றிய விசாரணையில் அவர் கேள்வி கேட்டதை நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய செய்தித்திறன் எங்கேயும் போய்விடவில்லை.

துல்ஃபோ குடும்பத்தின் பயணம் வேறு மாதிரி. ராஃபி துல்ஃபோவின் வானொலிக் குறைகேட்பு நிகழ்ச்சி யூடியூபில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைச் சேர்த்தது. அந்தப் பெயரோடு சேர்ந்து நின்ற ஆக்ட்-சிஸ் என்ற கட்சிப்பட்டியல் அமைப்பு 2019லும் 2022லும் நாட்டில் முதலிடம். 2022இல் ராஃபி நேராகச் செனட்டில் மூன்றாமிடம். தம்பி எர்வின் சில மாதம் சமூகநலத் துறைச் செயலாளராக, அதாவது அமைச்சராக, இருந்தார், அமைச்சர் நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் நாடாளுமன்றக் குழுவின் ஒப்புதல் கிடைக்காமல் விலகினார், பிறகு ஆக்ட்-சிஸ் வழியாகச் சபைக்கு வந்து 2025இல் செனட்டரானார்.

மக்கள் அவர்களை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது, அதை மேலேயே சொன்னேன். ஆனால் ராஃபி செனட்டரான பிறகும் அந்தக் குறைகேட்பு நிகழ்ச்சி நிற்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். செய்தியாளர் போன் போட்டால் அதிகாரி செய்தியில் வந்துவிடுமே என்று பயப்படுவார். செனட்டர் போன் போட்டால் அவர் பயப்படுவது தன் துறையின் பட்ஜெட்டுக்கு. கேள்வியும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையை யார் கேள்வி கேட்பது? சட்டம் செய்ய அனுப்பியவர் போன் வேலையையே பெரிதாகச் செய்துகொண்டிருந்தால், வாசலில் நிற்கும் வரிசை குறையவே குறையாது.

அப்படியே இருந்துவிட்டால்?

மைக்கை விடாமல் இருந்தவர்களும் நிறைய. ஜிஎம்ஏவின் மைக் என்ரிகெஸ் 2023இல் இறக்கும்வரை ஒலிபரப்பாளர்தான். ஏபிஎஸ்-சிபிஎன்னின் செய்திப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மரியா ரெஸ்ஸா, ‘ராப்ளர்’ என்ற இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கி, வழக்குகளைச் சுமந்து, 2021இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். செனட்டில் இருக்கும் எவரையும்விட அதிகாரத்தை நிமிர்த்திக் கேள்வி கேட்டவர் அவர் என்றால் மறுப்பவர் குறைவு.

ஆனால் இதைப் பாதுகாப்பான வழி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2009 நவம்பர் 23ஆம் தேதி மகின்டனாவோ மாகாணத்தில் கொல்லப்பட்ட 58 பேரில் 32 பேர் ஊடகத்தினர். 2022 அக்டோபரில் வானொலி விமர்சகர் பெர்சி லாபிட் லாஸ் பின்யாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிறுவனமும் நிலையானது இல்லை. பிலிப்பைன்ஸில் ஒலிபரப்ப நாடாளுமன்றம் உரிமம் தர வேண்டும். 2020 மே 5ஆம் தேதி ஏபிஎஸ்-சிபிஎன் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது, ஜூலை 10ஆம் தேதி சபைக் குழு 70க்கு 11 என்ற கணக்கில் உரிமத்தை மறுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அரசியலுக்குப் போகாமல் இருந்தாலும் அரசியல் வந்து கதவைத் தட்டும்.

திரும்பி வருவது பற்றி

எந்த வழியை எடுத்தாலும் பின்னால் திரும்பும் பாதை எப்படி என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஃபைலோன் திரும்பியபோது அவ்வளவு பேச்சு எழவில்லை. டி காஸ்ட்ரோவின் நிலை வேறு. 2011 நவம்பரில் தேர்தல் மோசடி வழக்கில் அரோயோ கைதான காலத்தில் ‘டிவி பட்ரோல்’ நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய முன்னாள் துணை அதிபர். அவர் எவ்வளவு நேர்மையாக வாசித்தாலும் பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி எழத்தான் செய்யும். 2021 அக்டோபரில் அவர் செனட்டுக்கு வேட்புமனு கொடுத்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்று, மறுபடி ஒலிபரப்புக்கு வந்தார். மைக்தான் அவருடைய உண்மையான இடம் என்று அவரே முடிவு செய்தது போலத்தான் எனக்குப் படுகிறது. அதில் குறை காண மாட்டேன், இருபது ஆண்டு முன்பே அந்த முடிவுக்கு வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

சரி, யாருக்கு எது?

ஒரு துறையைப் பத்து ஆண்டாவது செய்தியாகத் தொடர்ந்திருக்கிறார், அதில் என்ன சட்டம் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுக்க முடியும் என்றால் நேராகச் செனட்டுக்குப் போகலாம். தவணையை முழுதாக முடிக்கும் உறுதியும் வேண்டும். கொள்கையில் ஒட்டும் கட்சி ஒன்று இருந்தால் ஹோன்டிவெரோஸின் வழி இன்னும் நல்லது. மெதுவாக ஏறும், ஆனால் தனியாளாக நிற்க வேண்டியதில்லை. அரசியல் தனக்குச் சரிவருமா என்றே தெரியாதவருக்கு ஃபைலோனின் மூன்று ஆண்டு. துணை அதிபர் அழைப்பு முதலில் வந்தால் மறுத்துவிடுவதே மேல். மக்கள் குறையைத் தீர்க்கும் போன் அழைப்புதான் தன் உயிர் என்று நினைப்பவர் நிலையத்தை விட்டு நகரவே வேண்டாம், அந்த வேலைக்கு ஒரு பதவியும் தேவையில்லை.

2028 மே மாதம் 12 செனட் இடங்களோடு அதிபர், துணை அதிபர் தேர்தலும் வருகிறது. வழக்கம்போல் நடந்தால் வேட்புமனு 2027 அக்டோபரில். 2001ஆம் ஆண்டின் நியாயமான தேர்தல் சட்டம், வேட்பாளராகும் ஒலிபரப்பாளர் பிரசாரக் காலத்தில் விடுப்பு எடுக்க வேண்டும் என்கிறது, நிறுவனம் கேட்டால் ராஜினாமா செய்ய வேண்டும். தேசியப் பதவிகளுக்குப் பிரசாரக் காலம் என்பது கடைசி 90 நாள்தான். அதாவது மனு கொடுத்த பிறகும் பிப்ரவரி வரை தினமும் ஒலிபரப்பில் வர இந்தச் சட்டம் தடையில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே முன்னதாக இறக்கிவிடுகின்றன, எல்லாம் அப்படிச் செய்வதில்லை. போக முடிவெடுத்தவர் மனு கொடுக்கும் நாளில் இல்லை, அதற்கு ஓர் ஆண்டு முன்பே, 2026 அக்டோபரிலேயே, கடைசி நிகழ்ச்சியை முடித்துவிட வேண்டும் என்று கேட்பேன். அந்த ஓர் ஆண்டில் மசோதா எழுதப் பழகலாம், பட்ஜெட் படிக்கப் பழகலாம்.